எண்பத்திரண்டு டிகிரி

என் கணவருக்கு நாலு டிகிரிக்கு மேல் எதுவும் பிடிக்காது. மீனும் இறைச்சியும் அடுக்கிய குளிர்கிடங்கில் பதினாறு வருடமாக மேற்பார்வையாளர். மணிக்கு ஒரு தடவை சூட்டைப் பார்த்து அட்டையில் எழுதுவது, அளவு தாண்டினால் சரக்கைத் தூக்கி எறியச் சொல்வது, இதுதான் உத்தியோகம். அதைப் பெரிய விஞ்ஞானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும். வீட்டுக்கும் கொண்டுவந்தாரே, அதுதான் என் தலையெழுத்து.

போன மாதம் பாகம் பாகமாக வாங்கி எனக்கு ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டித் தந்தார். ஒழுங்காகத்தான் பூட்டினார், அதில் குறை சொல்ல மாட்டேன். முடித்த கையோடு விலகியிருக்க வேண்டும். மாறாக, திரையின் ஓரத்தில் பிராசசரின் சூட்டைக் காட்டும் எண்ணை வரவழைத்து, மேஜைக்குப் பக்கத்தில் ஓர் அட்டையையும் தொங்கவிட்டார். சும்மா இருக்கும்போது முப்பத்தைந்து. நான் ஏதாவது வரைந்தால் ஐம்பது. ஐம்பதுக்கே மனிதர் முகம் தொங்கிவிடும்.

கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பது போலப் படம் செய்வது என் தொழில். மகள் பிறந்த பிறகு ஐந்து வருடம் விட்டுப்போயிருந்தது. இப்போது ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மா சோதனையாக ஒரு நிமிடப் படம் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் அனுப்பிவிட்டால் வருடம் முழுக்க வேலை.

அந்தப் படம் உருவாகக் கம்ப்யூட்டர் ஆறு மணி நேரம் விடாமல் உழைக்க வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. அப்படி உழைக்கிற பிராசசர் எண்பதைத் தாண்டத்தான் செய்யும். எங்களுடையது தொண்ணூற்றைந்து வரை தாங்கும் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியும் அடங்காவிட்டால் தானே அணைந்துவிடும். இத்தனையையும் முந்தின நாளே கரடியாகக் கத்தினேன். எழுதியிருந்த வரியையும் காட்டினேன்.

"அதெல்லாம் விக்கிறவன் எழுதுறது. பதினாறு வருஷமா டெம்பரேச்சர் பாக்கறவன்கிட்டயே சொல்றியா?" என்றார்.

பதினாறு வருடம் செத்த மீனுக்குக் காவல் இருந்தவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

என் போதாத காலம், வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்கு வேலையை ஓடவிட்டேன். எண் எண்பத்திரண்டுக்கு ஏறி அங்கேயே நின்றது. அவர் அரை மணிக்கு ஒரு தடவை வந்து அட்டையில் சிவப்பு மையால் எழுதிவிட்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் போல உச்சுக்கொட்டினார். பதினொன்றரைக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பும்போது, தொடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டினார்.

திரும்பி வந்தால் அறையில் சத்தமே இல்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேஜை விசிறியைத் திருப்பி வைத்து, ப்ளக்கைப் பிடுங்கியிருந்தார்.

"கை வச்சுப் பாரு. ஜில்லுன்னு ஆயிடுச்சு."

பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார். இன்னும் ஒரு மணி நேரம்தான் பாக்கி இருந்தது. இந்த ஆளோடு எட்டு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேனே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். என்ன ஆச்சு என்று பொறுமையாகத்தான் கேட்டார். புருஷன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார் என்று ஒரு வாய் வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு நேரம் கொடுத்திருப்பாரோ என்னவோ. வாய் வரவில்லை. முகம் தெரியாத ஒருவரிடம் இப்படிப்பட்டவருக்குத்தான் பெண்டாட்டி என்று எப்படிச் சொல்வது?

"மெஷின் சூடாகி நின்னுடுச்சு மேடம். ஆறு மணிக்குள்ள அனுப்பிடறேன்."



"ஒரு நிமிஷப் படத்துக்கே நின்னுடுச்சுன்னா எங்க வேலையைத் தாங்காதும்மா. நல்ல மெஷின் இருக்கறவங்களைப் பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டார்.

வீட்டில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது அந்த மெஷின் ஒன்றுதான். பழியை அதன் மேல் போட்டு, என் வேலையை நானே கெடுத்துக்கொண்டேன்.

வாசற்படியில் நின்று அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கிட்டே வந்து என் தோளைத் தொட்டார். குத்திக்காட்டவில்லை, பரிவாகத்தான் சொன்னார்.

"சூடாயிடுச்சுன்னு இப்ப நீயே ஒத்துக்கிட்ட பாரு. இதைத்தான் நான் நேத்துலேருந்து சொல்றேன்."