ஜெர்மனிக் கல்

இந்த 1917 நாசமாய்ப் போக!

ஆம்பூரில் பிள்ளைகளுக்கு உருது சொல்லிக்கொடுக்கிற ஜியாவுல்லா முன்ஷி நான். தமிழுக்கு உருது, உருதுவுக்குத் தமிழ் என்று வருஷம் பூராவும் ஓர் அகராதிக்காக மாரடித்தேன். பண்டிதர்கள் மெச்சவேண்டும் என்றா? தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நிற்கிறவனுக்கும் படித்துக் காட்டினால் புரியவேண்டும். அந்த ஒரே வெறி.

யுத்தம் வந்ததிலிருந்து காகிதம் குதிரைக்கொம்பு. அதனால் நகல் எழுதி வைக்கவில்லை. கல்லச்சுக்கான தாளிலேயே நேராக எழுதினேன். அந்தத் தாளைக் கல்லில் வைத்து அழுத்தினால் எழுத்து கல்லுக்குப் போய்விடும். தாள் குப்பைக்குப் போகும். போகட்டும், கல் எங்கே ஓடிவிடப்போகிறது என்றிருந்தேன்.

ஒருநாள் அச்சுக்கூடத்துக்குப் போனால், முதலாளி அப்துல் சமத் என் கற்களை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாதி அகராதி சாக்கடையில் ஓடியது.

"அட பாவி மனுஷா, இன்னா பண்றீங்க!"

"கல்லு ஜெர்மனிலேர்ந்து வரணும். சண்டைல எவன் அனுப்புவான்? கடல் தாண்டி பஸ்ராவுக்குப் போற பட்டாளத்துக்கு ஆள் எடுக்குற நோட்டீசு, சர்க்கார் அவசரம்," என்றார். "பேஜார் பண்ணாதீங்க முன்ஷி. அந்த நோட்டீசை நீங்களே எழுதிக் குடுங்க. மிச்சக் கல்லுங்க மேல கை வைக்க மாட்டேன்."

வேறென்ன செய்வேன்? வயிறெரிந்துகொண்டே எழுதினேன். ஆனால் பாழாய்ப்போன கைக்கு மோசமாக எழுத வருமா! கடினமான சொல் ஒன்றுகூட இல்லாமல், சோறு, துணி, சம்பளம் என்று தெள்ளத்தெளிவாக வைத்தேன். தோல் ஷாப் வாசல்களிலெல்லாம் ஒட்டினார்கள். மிச்சக் கற்களைச் சமத் தொடவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்.

நேற்று பக்கத்து வீட்டு அமிர்தவள்ளி வந்தாள். தோல் ஷாப்பில் வேலை செய்கிற கன்னியப்பன் அவளுக்கு ஒரே மகன்.

"சாயபு, அந்த நோட்டீசு நீங்க எழுதினதாமே. யாரோ படிச்சுக் காட்டினாங்களாம், எல்லாம் நல்லா வெளங்குச்சின்னான். பேர் குடுத்துட்டு காலைல ரயிலேறிட்டான்," என்றாள். குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்.

"பஸ்ராவாம். அது காட்பாடிக்கு அப்பாலயா சாயபு?"

"ஆமாம்மா," என்றேன். "கொஞ்சம் அப்பால."