விசில் ஊதாத ரயில்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில் வீட்டுக்குள் வந்து போகும் என்பதால், பழைய பாதையின் மேல் கட்டிய தெருவில் யாரும் கூடத்துக்கு நடுவே கட்டில் போடுவதில்லை. தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்துக்கொண்டு போய் அரை நூற்றாண்டு ஆகிறது. ஜல்லி கிடந்த மேட்டைச் சமப்படுத்தி மனை போட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிக்கொண்டார்கள். ஆகவே கிழக்குக் கோடி வீட்டின் அடுப்படியில் நுழைகிற என்ஜின், நடுவில் இருக்கும் அத்தனை வீடுகளையும் கடந்து, மேற்குக் கோடியில் இருக்கும் சைக்கிள் கடை வழியாக வெளியே போகிறது. சுவர் இடியாது, பாத்திரம் உருளாது. சூடாக ஒரு காற்று வீசும், நிலைக்கண்ணாடியில் கரி படியும், மூடாமல் வைத்த பால் திரிந்துபோகும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதை நிறுத்தியதோடு தெருவாசிகளின் சங்கடம் பாதி தீர்ந்துவிட்டது. குடிவருகிறவர்களிடம் வீட்டுக்காரர் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைத்த ஒருவர், வந்த குடும்பம் அந்த வாரமே மூட்டை கட்டிவிட்டதால், வீட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு வெகுநாள் முழித்தார்.

இத்தனைக்கும் காரணம் நான்கு ரயில் பைத்தியங்கள். பேக்கரிக்காரர், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், வங்கியில் கேஷியராக இருந்தவர், அதே தெருவில் தையல் கடை வைத்திருந்த டெய்லரம்மா. நால்வரும் ஒரே காலத்தில் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் மூக்கு ஒழுகத் திரிந்தவர்கள். தலை நரைத்த பிறகு, வாரம் தவறாமல் பேக்கரி மாடியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே கூடினார்கள். முதலில் முட்டிவலி, மருமகள், ரத்த அழுத்த மாத்திரை. அது முடிந்ததும் ஒருவர் சின்ன வயதில் பார்த்த ஒரு ரயிலைச் சொல்ல வேண்டும். மற்ற மூவரும் திருத்த வேண்டும். என்ஜின் புகைபோக்கி குட்டையா நெட்டையா, கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு எந்தப் பக்கம், கார்டு எந்தக் கையால் கொடி பிடித்தார் என்று ஒன்று விடாமல் சண்டை நடக்கும். எல்லாம் ஒத்துவந்த பிறகு ஒவ்வொருவராக வாய்விட்டு 'சரி' சொன்னால்தான் டீ. திருத்துவதில் கேஷியரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்திலேயே அவருக்குப் பட்டப்பெயர் 'கரெக்டு'. அவருடைய கல்யாணத்தன்று பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாக அச்சாகியிருக்கிறது என்று மாமனாரிடம் மேடையிலேயே சொன்னவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வந்தது ஒரு சரக்கு ரயில். பேக்கரிக்காரர் சொன்னது. நான்காவது 'சரி' விழுந்தவுடன் கீழே அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன, தெருவில் நாய்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின, அப்புறம் ரயில் வந்தது. நகராட்சியிலிருந்து ஆள் வந்து தரையைத் தட்டிப் பார்த்தார்கள். தண்டவாளம் இல்லாத இடத்தில் ரயில் வருவது தங்கள் இலாகாவுக்குள் வராது என்று சொல்லிப் போய்விட்டார்கள். அடுத்தடுத்த வாரங்களில் மெயில் வந்தது, பாசஞ்சர் வந்தது, ஒருமுறை சர்க்கஸ் யானைகளை ஏற்றிய வண்டிகூட வந்தது. ஒப்புக்கொண்டது எதுவோ அதுதான் வரும் என்பது போகப்போகத் தெரிந்தது. கேஷியர் காய்ச்சலில் படுத்த வாரம், மெயில் என்ஜினுக்குப் புகைபோக்கியில் பித்தளை வளையம் உண்டு என்று டிரில் மாஸ்டர் அடித்துப் பேசினார். தட்டிக்கேட்க ஆள் இல்லை. வளையம் மின்ன மின்ன ரயில் வந்தது. ஆனால் ஒரு ஆள் குறைந்ததாலோ என்னவோ, ஈரக் காகிதம் போல நைந்து வந்தது; படியில் கால் வைத்துப் பார்த்த பையன் ஒருவனுக்குக் கால் அப்படியே தரையில் இறங்கியது. பொய்யும் வரும், ஆனால் நால்வரும் சேர்ந்து சொன்னால்தான் கெட்டியாக வரும் என்பதை டெய்லரம்மா அன்று மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

சைக்கிள் கடையைத் தாண்டினால் ஆறு. ஆற்றில் பாலம் இல்லை, இரண்டு மொட்டைத் தூண்கள்தான் நிற்கின்றன. வருகிற ரயில் எல்லாம் அந்தப் பக்கமாகத்தான் போயின. தண்ணீரில் விழுந்த சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. அக்கரையில் வலை காயப்போடுகிறவர்கள் தாங்கள் எந்த ரயிலையும் பார்த்ததில்லை என்றார்கள். ரயில் போன மறுநாள் குழாய்த் தண்ணீரில் துரு வாடை அடித்தது. பெட்டிகளில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தெருக்காரர்களைப் பார்ப்பார்களே தவிர, கையசைத்தால் பதிலுக்கு அசைக்க மாட்டார்கள். ஊர் இதையெல்லாம் கவனித்தது, ஆனால் வாய்விட்டுப் பேசவில்லை. பயத்தைப் பேசினால் பயம் பெரிசாகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

நால்வரும் ஒருபோதும் சொல்லாத ரயில் ஒன்று இருந்தது. அவர்கள் குழந்தைகளாக இருந்தபோது, சாயங்கால பாசஞ்சர் தண்ணீர் பிடிக்க ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது சந்துப் பிள்ளைகள் கடைசிப் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார்கள். என்ஜின் விசில் ஊதியதும் குதித்துவிட வேண்டும். விசிலுக்கு முன்னால் இறங்குகிறவர் தோற்றார். விசிலுக்குப் பின் கடைசியாக இறங்குகிறவர் ஜெயித்தார். இந்தச் சட்டத்தைப் போட்டவள் டெய்லரம்மாவின் அக்கா. எல்லாரையும் விட ஒரு வயது மூத்தவள், ஒரு நாளும் தோற்காதவள். நால்வருக்கும் ரயில் பைத்தியம் பிடித்ததே அவளால்தான். தூரத்தில் வரும் புகையைப் பார்த்தே எந்த என்ஜின் என்று சொல்லிவிடுவாள்.

ஆற்றில் வெள்ளம் வந்திருந்த ஒரு சாயங்காலம், அந்த பாசஞ்சர் விசில் ஊதாமலே கிளம்பியது. ஏன் என்று கடைசிவரை தெரியவில்லை. டிரைவரைக் கேட்க முடியாமல் போயிற்று. சக்கரம் அசைந்ததும் முதலில் பேக்கரிக்காரர் குதித்தார், பிறகு டிரில் மாஸ்டர், பிறகு பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு தங்கை, கடைசியாக கேஷியர். அக்கா மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விசில் ஊதட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். "தோத்தாங்கோளிங்களா!" என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். பாலம் அன்று போயிற்று. ரயில் பாதையும் அதோடு போயிற்று. வீட்டில் அம்மா அவளுக்குத் தைத்துக்கொண்டிருந்த நீலக் கவுன் ஓரம் மடிக்காமல் அப்படியே நின்றது. அந்தக் கவுனைப் பார்த்துப் பார்த்துத்தான் தங்கை தையலுக்கு வந்தாள். கடை போட்டாள், கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்து வளர்ந்து கடையில் கூட உட்கார்ந்தாள். கவுன் மட்டும் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது. அதன் ஓரத்தை அவள் தொடவே இல்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாதத்தில் டெய்லரம்மா மற்ற மூவரிடமும் கேட்டாள். அந்த ரயிலை நான் சொல்கிறேன். எல்லாம் நடந்தது நடந்தபடிதான். ஒன்றே ஒன்று மட்டும், விசில் ஊதியது என்று சொல்வேன். நீங்கள் சரி என்று மட்டும் சொன்னால் போதும், அக்கா இறங்கிவிடுவாள். பேக்கரிக்காரரும் டிரில் மாஸ்டரும் உடனே தலையாட்டினார்கள். கேஷியரும் அந்தச் சிறுமியை ஒரு நாளும் மறந்தவரில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். குதிக்கும்போது அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம் என்ற நினைப்பில் பாதி ஆயுளைத் தூங்காமல் கழித்தவர். பேரக்குழந்தைகள் மேல் ஆணையாக வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அவரை நம்பினாலும் அவர் வாயை நம்ப முடியாது என்று, அன்றைக்குப் பேக்கரிக்காரர் ஒரு முழு பன்னை அவர் வாயில் திணித்து உட்காரவைத்தார்.

டெய்லரம்மா சொல்ல ஆரம்பித்தாள். இன்ச் டேப் கழுத்தில் கிடந்தது, அதன் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். மழை எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, தண்ணீர்க் குழாயிலிருந்து எப்படி ஒழுகியது, மரப் பெஞ்சில் யாரோ ஆணியால் கிறுக்கிய பூ, அக்காவின் ஈரப் பின்னல் எல்லாவற்றையும் சொன்னாள். இத்தனை காலம் வாயே திறக்காதவளுக்கு இவ்வளவு ஞாபகமா என்று மற்றவர்கள் அசந்துபோனார்கள். திருத்த ஒன்றும் இல்லை. கேஷியர் கண்ணில் நீர் வழியப் பன்னை மென்றார்.

"அப்போ விசில் ஊதுச்சு" என்றாள் கடைசியில். "நல்லா நீளமா ஊதுச்சு."

பேக்கரிக்காரர் சரி என்றார். டிரில் மாஸ்டர் சரி என்றார். கேஷியரும் சொல்லியாக வேண்டும். வாய்விட்டுச் சொன்னால்தான் செல்லும். அவர் பன்னை விழுங்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சரி என்று சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தார். இதை ஊர் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அறுபது வருஷப் பழக்கம் அவரை முந்திக்கொண்டது.

"அன்னைக்கு விசில் ஊதலையே" என்றார்.

சொன்ன பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. அவர் சொன்னது உண்மை என்று நால்வருக்கும் தெரியும்; தெரிந்ததே நான்கு 'சரி'க்குச் சமமாகிவிட்டது போலும். உண்மையைத் திருப்பித் திருத்துவது எப்படி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்குள் கீழே கண்ணாடிகள் அதிர ஆரம்பித்துவிட்டன. டெய்லரம்மா மாடிப்படி இறங்கித் தன் கடைக்கு ஓடினாள். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள்.

பாசஞ்சர் கூரைகளில் மழை சொட்டச் சொட்ட வந்து, என்ஜின் எங்கோ சைக்கிள் கடைப் பக்கம் தண்ணீர் குடிக்க நிற்க, கடைசிப் பெட்டி சரியாகத் தையல் கடைக்குள் நின்றது. முன்பு வந்த எந்த ரயிலும் இப்படி நின்றதில்லை. மெஷினுக்கும் துணி வெட்டும் மேஜைக்கும் நடுவே ஜன்னல், ஜன்னலில் அக்கா. பக்கத்துப் பெஞ்சில் யாரும் இல்லை. நான்கு பேர் உட்கார்ந்து எழுந்த ஈரம் மட்டும் இருந்தது. டெய்லரம்மா கம்பியின் வழியே கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்தாள். கல் மாதிரி குளிர்ந்திருந்தன.

"அக்கா, எறங்கு."

சிறுமி அந்த வயதான முகத்தைப் பார்த்தாள். யாரென்று தெரிந்துகொள்ள அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. "இன்னும் விசில் ஊதலைடி" என்றாள். "இப்ப எறங்கினா நான் தோத்தாங்கோளி."

டிரில் மாஸ்டர் தன் பழைய விசிலைப் பையிலிருந்து எடுத்து, மூச்சுப் பிடித்து நீளமாக ஊதினார். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. சிறுமி சிரித்துவிட்டாள். அது பள்ளிக்கூட விசில், என்ஜின் விசில் இல்லை, இது தெரியாதா எனக்கு என்றாள். அவளை ஏமாற்ற முடியாது. அந்த நால்வருக்கும் ரயில் சொல்லிக்கொடுத்தவள் அவள். தூக்கிவிடலாம் என்று பேக்கரிக்காரர் பெட்டிக்குள் ஏறி இழுத்துப் பார்த்தார். மாவு மூட்டை தூக்கிப் பழகிய கை அது. ஜன்னல் கம்பியைப் பிடித்த அந்தச் சின்ன விரல்களில் ஒன்றைக்கூட அவரால் பிரிக்க முடியவில்லை. மேற்கே ஆற்றின் இரைச்சல் கேட்டது. மழைக்காலத்தில் வழக்கமாகக் கேட்பதைவிடக் கிட்டத்தில் கேட்டது.

டெய்லரம்மா ஆணியில் தொங்கிய நீலக் கவுனை எடுத்தாள். நூல் பெட்டியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டாள். மகள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அடுப்பில் சாதம் இருக்கிறது, அணைத்துவிடச் சொல்லுங்கள் என்று டிரில் மாஸ்டரிடம் சொன்னாள். பிறகு பேக்கரிக்காரரைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு, அவள் ஏறினாள்.

"ஏறாத" என்றார் கேஷியர். "என்னாலதான். நான் வாய மூடிட்டு இருந்திருக்கணும்."

"நீ கரெக்டாத்தான் சொன்னே" என்றாள் டெய்லரம்மா. "விசில் ஊதல. அவள தனியா விட்டுட்டு நான்தான் எறங்கிட்டேன்."

அவள் அக்காவின் பக்கத்தில், அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்தாள். ரயில் விசில் ஊதாமல் நகர்ந்தது. சுவர் சுவராகக் கடந்து சைக்கிள் கடையைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போயிற்று. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கேஷியர் கரை வரை ஓடி, இருட்டும்வரை தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே அந்த பாசஞ்சர் வாராவாரம் வருகிறது. வேறு ரயில் எதுவும் வருவதில்லை. பேக்கரி மாடியில் மூவரும் இன்னும் கூடுகிறார்கள். பேச்சு முட்டிவலியோடு நின்றுவிடுகிறது. மற்ற நேரமெல்லாம் விசிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ரயில் தையல் கடையில் நிற்கும் கொஞ்ச நேரத்தில், மகள் ஜன்னல் வழியாக அம்மாவோடு பேசுகிறாள். முதல் சில மாதங்கள் அழுதாள், இறங்கச் சொல்லிக் கெஞ்சினாள், ஒருமுறை தானும் ஏறப் பார்த்து அம்மாவிடம் அறை வாங்கினாள். இப்போது கடை விஷயம் பேசுகிறார்கள். காஜா சரியாக எடுக்கவில்லை என்று அம்மா உள்ளே இருந்தபடியே மகளைத் திட்டுகிறாள். அக்கா நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் இருக்கிறாள். ஓரம் அழகாக மடித்துத் தைத்திருக்கிறது. யார் கையசைத்தாலும் இப்போது பதிலுக்கு அசைக்கிறாள்.

டெய்லரம்மா சும்மா இருக்க மாட்டாளே. தைக்கக் கொடுங்கள் என்று அவளே கேட்டுவிட்டாள். ஊரில் நல்ல காரியத்துக்குத் துணி எடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மகளிடம் கொடுத்துவைக்கிறார்கள். ஜன்னல் வழியாக உள்ளே போவது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தைத்து மடித்து வெளியே வந்துவிடும். கேஷியர் தேவை இருக்கிறதோ இல்லையோ, வாரம் ஒரு சட்டைத் துணியோடு வந்து நிற்கிறார். அளவு சொல்லத் தேவையில்லை என்று தெரிந்தும் சொல்கிறார். முன்பைவிட இப்போது டெய்லரம்மாவின் கை நன்றாகத் திருந்தியிருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். துணிதான் சொட்டச் சொட்ட ஆற்று ஈரத்தோடு வருகிறது. பிழிந்து ஒரு வெயிலில் போட்டால் காய்ந்துவிடும்.