சுவருக்கு எடுத்த அளவு

தையல்காரம்மாவின் படுக்கையறைச் சுவரில் ஈரம் ஊறத் தொடங்கி ஆறு மாதம் ஆயிற்று. மேல்மாடிக் குழாய் கசிகிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பதிவுத் தபாலில் இரண்டு கடிதம் போட்டாள்; மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் வாடகைதாரர் முறையீட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்தாள்.

அதிகாரி பார்வையிட வருவதற்கு முந்தைய நாள், வீட்டுக்காரர் ஆள் வைத்து அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்.

"எங்கேம்மா ஈரம்? சுவர் பளிச்சுனு இருக்கே," என்றார் அதிகாரி.

"பொழுது போகாம புகார் குடுக்கிறாங்க சார்," என்று வீட்டுக்காரர் மீசைக்குள் சிரித்தார்.

தையல்காரம்மா பீரோவிலிருந்து ஆறு பழுப்புத் தாள்களை எடுத்தாள். ரவிக்கைக்கு வெட்டுவதுபோல, மாதாமாதம் ஈரத்தின் ஓரத்தை வரைந்து, வெட்டி, தேதி எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது. "இவளுக்கு முத்திடுச்சு" என்று அப்போது கேலி செய்த கணவன், இப்போது தானே ஓடிவந்து கடைசித் தாளைச் சுவரில் பிடித்தான்.

அதிகாரி சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். தாளுக்கு வெளியே சுண்ணாம்பு காய்ந்திருந்தது. ஓரத்தைத் தாண்டித் தாளுக்கு அடியில் விரல் போனதும் ஜில்லென்றது. சுற்றிலும் அதே கதை. ஒரு நூல் பிசகவில்லை.

பதினைந்து நாளில் குழாயை மாற்ற வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சுவருக்கெல்லாமா அளவு எடுப்பாங்க?" என்று முனகினார் வீட்டுக்காரர்.

தையல்காரம்மா தாள்களை நிதானமாக மடித்தாள்.

"அளவெடுக்காம யார் மேலயும் நான் கத்தரி வைக்கிறதில்லைங்க."