நாளுக்கு அரைச் சாண்

“இந்த வருஷம் எத்தனை பாகம்?”

“இருபத்துமூணு. போன வருஷமும் அதேதான். உங்க வீட்டுக்காரர் நடையில ஒரு மாத்தமும் இல்லக்கா.”

“களைச்சுப் போயிருக்காரா?”

“முகமே இன்னும் சரியாத் தெரியல, களைப்பு எங்க தெரியப் போகுது? சட்டை நீலம்னு மட்டும் சொல்லலாம்.”

“நீலம்தான். நான் துவைச்சுக் கொடுத்தது.”

கலங்கரை விளக்கக் காவலர் அளவுக்கருவியை உறையில் போட்டு மூடினார். கேட்டவள் நூற்றுப் பன்னிரண்டு படிகளையும் இறங்கி வேலைக்குப் போனாள். அவள் கணவன் பன்னிரண்டு வருடமாகக் கடல்மேல் நடந்து ஊருக்கு வந்துகொண்டிருந்தான். நாளொன்றுக்கு அரைச் சாண். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம் என்பதால், வருடத்துக்கு இருபத்துமூன்று பாகம் தேறியது. மழையிலும் வெயிலிலும் அதில் கூடுதல் குறைவு இல்லை.

அந்த ஊருக்கு முன்னூறு வருட வரலாறு உண்டு. அதில் இருநூற்றைம்பது வருடம் மீன் பிடித்ததைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. பிறகு கலங்கரை விளக்கம் வந்தது, ஐஸ் ஃபேக்டரி வந்தது, துறைமுக வாசலில் தகரப் பலகை வந்தது. பலகையில் படகுக்கு ஒரு வில்லை தொங்கும். சிவப்புப் பக்கம் தெரிந்தால் படகு கடலில் இருக்கிறது, வெள்ளை தெரிந்தால் கரைக்கு வந்துவிட்டது. பொழுது சாயும்போது ஒரு வில்லை சிவப்பாக இருந்தாலும் ஐஸ் ஃபேக்டரி சங்கு ஊதும். ஊதினால் அத்தனை படகும் தேடப் போகும். சண்டைக்காரனின் படகென்றாலும் போகும். வில்லைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அதனால் ஊரில் அவள் பெயர் பலகைக்காரி.

அவள் கணவன் தன் படகுக்குப் பச்சை அடித்தபோது டிரம்மில் கால்வாசி மிச்சமிருந்தது. பெயிண்டை வீணாக்குவானேன் என்று தம்பிக்குக் கொடுத்தான். தம்பி தன் படகுக்கும் அதையே அடித்தான். ஒரு வாரம் கழித்து, தூறல் விழுந்த ஒரு சாயங்காலம், தடுப்புச்சுவரைத் தாண்டி ஒரு பச்சை மூக்கு வருவதைப் பலகைக்காரி பார்த்தாள். கணவனின் வில்லையை வெள்ளைக்குத் திருப்பினாள். அவனுக்குக் குளிக்க வெந்நீர் வைக்க வேண்டுமென்று அவசரமாக வீட்டுக்கு ஓடினாள். வந்தது தம்பி. அவன் பலகைக் கொட்டகையில் ஆளில்லாததைப் பார்த்து, தன் வில்லையைத் தானே திருப்பிவிட்டுப் போனான். பலகை முழுக்க வெள்ளை. சங்கு ஊதவில்லை. வெந்நீர் ஆறிப்போன பிறகு, தம்பியோடு சேர்ந்து குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்து அவள் கோபத்தில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு படுத்தாள். மறுநாள் பத்து மணிக்குப் படகு கிடைத்தது, கவிழ்ந்தபடி. ஆள் கிடைக்கவில்லை.

துறைமுக அதிகாரி பதிவேட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். “பலகைல வந்தாச்சுன்னு இருக்கு. வந்த ஆளைக் காணோம்னு நான் எப்படிம்மா எழுதுறது?” அவர் கெட்டவரில்லை, விதிக்கு வெளியே கால் வைக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். அதனால் அவள் கணவன் இறந்ததாக எந்தத் தாளிலும் ஏறவில்லை. மூன்று மாதம் கழித்துக் காவலர் தொலைநோக்கியில் அவனைப் பார்த்தார். ஆயிரத்து நூறு பாகத்துக்கு அப்பால் ஒரு புள்ளியாக நடந்து வந்துகொண்டிருந்தான். ஊர் பெரிதாக வியக்கவில்லை. வந்ததாக எழுதிவிட்ட பிறகு, பாவம், அவனுக்கும் வருவதைத் தவிர வேறு வழியில்லை என்று மீன் ஏலம் போடுகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். தம்பி படகெடுத்துக்கொண்டு அழைக்கப் போனான். அந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு, அண்ணன் தம்பியின் படகுக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

நாற்பத்தெட்டு வருடம் ஆகும் என்று காவலர் கணக்குப் போட்டார். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. அவனிடம் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் அவளிடம் இருந்தது: வில்லையைத் திருப்பியது நான். ஊரில் நண்டு சிண்டு முதல் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிய வேண்டியவனுக்குத்தான் தெரியாது. அதைச் சொல்லாமல் செத்துவிடக் கூடாது என்று அவள் வெயிலில் குடை பிடித்தாள், மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்கினாள், சாலையை இரண்டு முறை பார்த்துக் கடந்தாள்.

ஒருநாள் தம்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். “அண்ணி, அந்த வில்லையைச் சிவப்புக்குத் திருப்பிடுங்க. அண்ணனும் படுக்கட்டும், நீங்களும் படுங்க.”

“பெயிண்ட் வாங்கிட்டுப் போனப்ப இல்லாத அக்கறை இப்ப எங்கிருந்துடா வந்துச்சு?” என்றாள். சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் படகிலிருந்த பச்சையைச் சுரண்டியெடுத்துவிட்டு, அதன்பிறகு வேறு எந்த நிறமும் அடிக்காமல், படகை வெறும் மரமாகவே வைத்திருந்து, அப்படியே கிழவனாகிச் செத்தான்.

நகராட்சி தடுப்புச்சுவரைத் தெற்கே நீட்டத் திட்டம் போட்டபோது, பலகைக்காரி ஐந்து மாதம் அலுவலக வாசலில் உட்கார்ந்தாள். கடைசியில் சுவர் கிழக்கே, அவன் வரும் திசையில், இருநூறு பாகம் நீண்டது. அவளுக்கு ஒன்பது வருடம் மிச்சமானது. சுவரில் இன்றும் ஒரு முழங்கை வளைவு இருக்கிறது. காரணம் அலையின் போக்கு என்று சுற்றுலாப் பலகையில் போட்டிருக்கிறார்கள். அதே பலகையில் பார்க்க வேண்டியவையாகக் கலங்கரை விளக்கம், ஏலக் கொட்டகை, பழைய ஐஸ் ஃபேக்டரி, நடந்து வரும் மனிதர் என்று நான்கு இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வேனில் வந்து கையசைத்தார்கள். “இந்த ரூட் பஸ்ஸுக்கு அவரு தேவலை, நிக்காம வர்றாரு” என்று வழிகாட்டி தினமும் ஒரே ஜோக்கைச் சொன்னார், தினமும் புது ஆட்கள் சிரித்தார்கள்.

பலகைக்காரி தலைக்குச் சாயம் பூசிக்கொண்டாள், பல் கட்டிக்கொண்டாள். அவன் போனபோது நான்கு வயதாக இருந்த மகள் வளர்ந்து, அப்பாவின் வயதைத் தொட்டு, தாண்டியும் போனாள். “இப்ப அவர் எனக்குத் தம்பி மாதிரிம்மா. என்னன்னு கூப்பிடுறது?” என்று ஒருமுறை போனில் கேட்டாள். பலகைக்காரி அதற்கு, சாப்பிட்டியா என்று கேட்டாள். முப்பத்தெட்டாம் வருடம் அவன் முகம் வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரிந்தது. மீசையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. அன்றைக்கு அவள் சாயப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டாள்.

கடைசி ஒரு பாகத்துக்குப் பதினாறு நாள் பிடித்தது. அவள் அந்தப் பதினாறு நாளும் சுவரின் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை பேசினாலும் அவன் காதில் விழவில்லை. பதினாறாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவன் கல்லில் கால் வைத்தான். கூட்டம் ஒரு படகு கரை சேர்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அருகே கடலை விற்றவர் விற்பதை நிறுத்தவில்லை. பலகைக்காரிக்கு அறுபத்தெட்டு வயது. எழுந்தாள். முப்பத்தொன்பது வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

அவன் கல்லிலேயே உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துவிட்டுக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, யாரோ ஒருத்தரைப் பார்ப்பதுபோல மரியாதையாக அவளைப் பார்த்தான்.

“பெரியம்மா, கால் விட்டுப்போச்சு, இனி ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அந்தப் பலகைக் கொட்டகைல என் பொண்டாட்டி இருப்பா, சின்னப் பொண்ணு, ரொம்பப் பயந்துபோயிருப்பா. கொஞ்சம் போய் அவளைக் கூட்டிட்டு வர்றீங்களா?”