கன்னத்தில் ஒரு பஞ்சுக் குச்சி

தமிழ் மக்களே, சற்று நில்லுங்கள்! கிள்ளானில், நம் கோயிலில், நம் கண்ணெதிரே நடந்த ஓர் அநீதிக்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

பதினேழு வயதுப் புனிதாவுக்கு இரத்தப் புற்றுநோய். கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னே அடைபட்டுக் கிடக்கிறாள். பொருந்தும் எலும்பு மஜ்ஜை கிடைத்தால் பிழைப்பாள். தம்பியுடையது பொருந்தவில்லை. நம் இனத்தாரிடம் கிடைக்கவே வாய்ப்பு மிகுதி என்றார் மருத்துவர்; கொடையாளராகப் பதிந்தவர்களிலோ நம்மவர் மிகச் சிலர்.

ஆகவே பங்குனி உத்திரத்தன்று, ஊரே கூடும் கோயில் மண்டபத்தில் கொடையாளர்களைப் பதிய ஒரு மேசை போட இடம் கேட்டாள் தாய் ரமணி. ஊசியில்லை, இரத்தமில்லை. பொருத்தம் பார்க்க, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தால் போதும்.

கோயில் தலைவர் பரமேஸ்வரன் முகம் சுளித்தார்.

“எச்சில் எடுக்கிற வேலையா? சாமி இருக்கிற எடம்மா இது. வெளிய போட்டுக்கங்க லா.”

“காலையிலதானே அண்ணே உங்க கன்னத்துல வேல் குத்துனீங்க? அது ஆகுமா?”

“அது வேண்டுதல்.”

“இதுவும் என் வேண்டுதல்தான் அண்ணே.”

ரமணியின் கைபேசியில், முகக்கவசத்துக்குள்ளிருந்து புனிதாவின் குரல் எழுந்தது.

“அங்கிள், மண்டபத்துல அன்னதானம் சாப்ட்டுப் போட்ட இலையெல்லாம் எச்சில் இல்லையா?”

“உன் மகளுக்கு வாய் ஜாஸ்திம்மா.”

“இருக்கிற வரைக்கும் பேசிக்கிறேனே, அங்கிள்.”

அவர் வாசலைக் கைகாட்டினார். மேசை வெளியே போயிற்று. கார்கள் நிற்குமிடத்தில், சாக்கடை ஓரத்தில். ‘அதற்கும் ஆலயத்துக்கும் தொடர்பில்லை’ என்று ஒலிபெருக்கி முழங்கியது. திருநீறு பூசிய நெற்றிகள் தாழ்ந்தபடி கடந்தன. காவடி இறக்கி வந்த லோரி ஓட்டுநர் கமலநாதன் மட்டும் ரமணியின் முன் அமர்ந்தார். வேல் பாய்ந்த கன்னத்தைத் தடவிக்கொண்டே, “மத்த பக்கம் எடுங்கக்கா, இது வலிக்குது” என்று வாய் திறந்தார்.

அவருடையதும் பொருந்தவில்லை. கண்ணாடிக் கதவு இன்னும் மூடியே இருக்கிறது.

தோழர்களே, பரமேஸ்வரன் மனம் மாறும்வரை அந்த நோய் காத்திராது! வரும் ஞாயிறு காலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளுக்கு எதிரே அதே மேசையோடு ரமணி நிற்பாள். பதினெட்டு வயது நிறைந்தோர் அனைவரும் வாருங்கள். வருமுன், உங்கள் ஊர்க் கோயில் தலைவரிடம் மண்டபக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். மறுப்பாரானால், கோயிலின் அடுத்த பொதுக்கூட்டத்தில் அவரைப் பதவியிலிருந்து இறக்குங்கள்!