பெண்பிள்ளைகளுக்கு மட்டும்

ரயில் ஏற டிக்கெட் வாங்க வேண்டும் என்பது ஹெஸ்தருக்கு முப்பத்துமூன்று வயதில்தான் உறைத்தது. ஆஸ்ட்ராண்டர் வீட்டுப் பெண்ணிடம் அதுவரை எந்தக் கண்டக்டரும் கை நீட்டியதில்லை, தண்டவாளமே அப்பாவுடையது. சிகாகோவில் வேறு கம்பெனி வண்டியில் பெயரை மறைத்து ஏறியவளை அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள். டக்கோட்டாவுக்கு அவள் வந்து சேர்ந்த லட்சணம் அது.

வந்தது விவாகரத்துக்கு. புருஷன் ராஸ்வெல் கை ஓங்குவதையெல்லாம் நியூயார்க் கோர்ட்டு ஒரு பொருட்டாக நினைக்காது. டக்கோட்டாவின் சூ ஃபால்ஸ் ஊரில் சில மாதம் குடியிருந்தால் போதும், விவாகரத்து கிடைத்துவிடும். அவள் தங்கிய ஹோட்டல் முழுக்க அப்படி வந்த சீமாட்டிகள்தான். "அந்த ராஸ்வெல் உன்னைக் கொன்னுடுவான், கிளம்பு" என்று அழுது அனுப்பிய அக்கா அகஸ்டா, பின்னாலேயே துணைக்கும் வந்துவிட்டாள்.

சிக்கல் அப்பாவின் உயிலில் இருந்தது. விவாகரத்து வாங்கும் மகளின் ரயில்வே பங்குகள் மற்ற மகளுக்குப் போய்விடும். மகனுக்கு அப்படியொரு நிபந்தனை கிடையாது. அண்ணன் லைமன் இரண்டு விவாகரத்துக்குப் பிறகு மூன்றாவது மனைவியோடு ஜாம் ஜாம் என்று வாழ்கிறான். அவள் இரண்டாவது மனைவியின் சித்தி மகள். பங்குகள் போனால் ஹெஸ்தருக்கு அக்கா வீட்டு மாடியறைதான் கதி. அக்காவிடம்தானே போகிறது என்று அவள் துணிந்துவிட்டாள்.

வழக்குக்கு முந்தின நாள் லைமன் தன் சொந்த ரயில்பெட்டியில் வந்து இறங்கினான். மே மாதம் பங்குதாரர் கூட்டம். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வா என்றான். ஹெஸ்தர் கையுறையைக் கழற்றி, கோணலாகச் சேர்ந்திருந்த மணிக்கட்டை மேசைமேல் வைத்தாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"அவன்கிட்ட நான் பேசறேன்."

"போன வருஷமும் பேசினியே அண்ணா. அப்புறம்தான் இது ஒடிஞ்சது."

அவனுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும், குரல் மாறியது. "அகஸ்டா உனக்காகத்தான் அழுதான்னு நெனச்சியா? உன் பங்கு சேர்ந்தா மே மாசம் அவ புருஷன் என் தலைவர் நாற்காலியில உக்காருவான்."

அப்பா ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய கம்பெனிக்காரர் வீட்டில்தான், அவர் செத்த மறுவருஷமே அகஸ்டா வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஹெஸ்தருக்கு இப்போது புரிந்தது. போ என்பவளும் வா என்பவனும் பங்கைத்தான் பார்க்கிறார்கள்.

அன்று மாலை தலை வாரிவிட வந்த அகஸ்டாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள். "பங்கு உனக்கு வராதுன்னா, என்னைக் கிளம்புன்னு சொல்லியிருப்பியா?"

சீப்பு நின்றது. "உன் கை வீங்கினதப் பாத்துட்டு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லடி. அந்த யோசனையும் மனசுல இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா இருக்கக்கூடாதா?"

பொய் சொல்லியிருந்தால் தேவலை என்று ஹெஸ்தருக்குத் தோன்றியது. வைது விரட்டியிருக்கலாம்.

ஆனாலும் மறுநாள் கோர்ட்டுக்குப் போனாள். திரும்பிப் போனால் இனி உடைவது மணிக்கட்டாக இருக்காது. நீதிபதி மணிக்கட்டைப் பார்த்தார், கேட்க வேண்டியதைக் கேட்டார், விடுதலை கொடுத்தார். லைமனின் பெட்டி அதற்குள் கிளம்பிப் போயிருந்தது.

வாசலில் அக்காவைக் காணவில்லை. எதிர்ச்சாரித் தந்தி ஆபீசில், தன் புருஷனுக்குப் பங்கு வந்த செய்தியை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ராஸ்வெல் அடித்தபோதுகூட ஹெஸ்தருக்கு இத்தனை வலித்ததில்லை.

அகஸ்டா தெருவைக் கடந்து ஓடிவந்தாள். முகமெல்லாம் நிஜமான கண்ணீர். இரண்டு கைகளையும் விரித்தாள்.

ஹெஸ்தர் அந்தக் கைகளுக்குள் போனாள். வேறு எங்கே போவாள்?