அந்த ஆள் அழுதாரே

ஐம்பத்திரண்டு வயதில் ஹஸ்மிக் நடிகையானாள். அதற்கு அவள் செய்ததெல்லாம், கிளெண்டேல் மாலில் மருமகனுக்குச் சட்டை பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் கூப்பிட்ட ஒரு வாலிபனைத் திரும்பிப் பார்த்ததுதான். "மேடம், இப்படி ஒரு முகம் வீட்டுல சும்மா இருக்கலாமா?" என்றான் அவன். அந்த முகம் சும்மா இருக்கவில்லை. சலவைக்கடையில் குனிந்து பேன்ட்டுகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தது. அதை அவனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அவன் வரச்சொன்ன நடிகர் ஏஜென்சி ஆபீஸில் ஒரு வசனத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மகனைப் பறிகொடுத்த தாய் பேசுவது. அவள் முடித்ததும் மேனேஜர் கார்ல்டன் கைக்குட்டையால் கண்களை ஒற்றிக்கொண்டார். ஒற்றிய கையாலேயே ஒப்பந்தத்தையும் நீட்டினார். வாய்ப்பு வாங்கித் தர, போட்டோ எடுக்க, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு டாலர். புது அடுப்புக்காகச் சேர்த்த பணம் அப்படியே போனது. கணவன் வாஹேயிடம் அவள் மூச்சு விடவில்லை. நாத்தனார் சில்வாவிடம் மட்டும் சொன்னாள்.

சில்வா இருபது வருடமாகப் படங்களில் கூட்டத்தோடு நிற்பவள். ஊரில் எடுத்த பாதி சாவு வீட்டுக் காட்சிகளில் அவளுடைய முதுகு உண்டு.

"அண்ணி, எனக்குச் சம்பளம் வந்தா என் ஏஜென்ட் அதுல பத்துல ஒரு பங்கு எடுத்துக்குவான். வரலைன்னா அவனும் பட்டினி. வேலை வாங்கித் தர்றேன்னு முன்கூட்டியே காசு வாங்கினா இங்க சட்டப்படி குத்தம். போட்டோவுக்குன்னு பேரை மாத்தினாலும் குத்தம்தான். போய்க் கேட்டா குடுத்துத்தான் ஆகணும்."

ஹஸ்மிக் காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அப்ப அந்த ஆள் அழுதாரே?"

"அதுக்குத்தான் ரெண்டாயிரத்து நானூறு. என்கிட்ட வந்திருந்தா இருநூறுக்கே அழுதிருப்பேனே."

ஹஸ்மிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. பணத்தைச் சட்டம் திருப்பி வாங்கித் தந்துவிடும். ஆனால் அந்தக் கண்ணீர் பொய்யென்றால், தனக்கு நடிக்க வரும் என்பதும் பொய்தானே? அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

சமையலறையிலேயே ஒத்திகை நடந்தது. சில்வா காலை நீட்டி உட்கார்ந்து மேனேஜரானாள்.

"ஐயா, கொஞ்சம் பணம்..." என்று ஆரம்பித்தாள் ஹஸ்மிக்.

"அளவு சரியில்லாத பாவாடையைத் திருப்பித் தர வந்தியா அண்ணி? இந்த நடிப்புக்கா அந்த ஆள் அழுதான்? சட்டத்தைச் சொல்லு, போதும். நடிக்காத."

மறுநாள் இருவரும் போனார்கள். முன்னறையில் புது முகங்கள் வரிசையாகக் காத்திருந்தன. சில்வா வழக்கம்போல் கூட்டத்தோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே ஹஸ்மிக் சட்டத்தைச் சொன்னாள். குரல் எழும்பவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களே மேடம். இப்பேர்ப்பட்ட திறமை எங்களை விட்டுப் போகுதேன்னு நினைச்சா..." கார்ல்டன் கைக்குட்டையை எடுத்துக் கண்களை ஒற்றினார். அதே கை, அதே கண், அதே தலையசைப்பு. கைக்குட்டை காய்ந்தே இருந்தது.

ஹஸ்மிக்குக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள். முன்னறையின் நடுவில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரர் என்னை வெளிய போன்னு சொல்லிட்டாரு," என்றாள் மெதுவாக. "முப்பது வருஷக் குடித்தனம். பெட்டியைத் தூக்கி வாசல்ல வச்சிட்டாரு. இவங்ககிட்ட முன்பணம் கட்டினேன்னு தெரிஞ்சதும் அவ்வளவுதான். முன்பணம் வாங்கறது குத்தம்னு சட்டமே சொல்லுதாம். அது எனக்குத் தெரியலையே. உங்களுக்காவது தெரியுமா?"

காத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். மீதிப் பேர் கதவை எட்டுவதற்குள் கார்ல்டன் செக் எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டார்.

ஹஸ்மிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சில்வாவைத் தேடினாள். அவள் லிஃப்ட் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்று போனில் கத்திக்கொண்டிருந்தாள். கண்மை கன்னம் முழுக்க வழிந்திருந்தது.

"நீயெல்லாம் மனுஷனா? அண்ணியை எப்படிடா வெளிய போகச் சொல்லுவ?"

போனில் வாஹேயின் குரல் ஹஸ்மிக்குக்கும் கேட்டது. "யாரு போகச் சொன்னா? நான் இங்க கத்திரிக்காய் சுட்டுக்கிட்டிருக்கேன். அவ எப்ப வர்றான்னு கேட்டுச் சொல்லு."

சில்வா போனை இறக்கினாள். அண்ணியையும் அவள் கையிலிருந்த செக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடிப்பாவி," என்றாள்.

அவள் கன்னத்தைத் துடைக்கப் போனபோது ஹஸ்மிக் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துடைக்காத சில்வா," என்றாள். "கொஞ்ச நேரம் அப்படியே இரு. கண்ணாரப் பார்த்துக்கறேன்."